பாய்

ஞாயிறு மாலை நாலரைக்கு மேல்
சூரத்தில் யாரும் வீட்டில் இருப்பதில்லை,
காய்ச்சல்காரர்களைத் தவிர.

ஒரு ஸ்கூட்டரில் நாலு பேர் நாங்கள்.
முன்னால் நின்றபடி மந்தன்,
ஓட்டுவது தன்சுக்,
நடுவில் நசுங்கி ஹேத்வி,
கடைசியில் நான்.
மடியில் தேப்லா டப்பா,
கக்கத்தில் பாய்.
மயில் போட்ட பிளாஸ்டிக் பாய்;
கொசுவத்தி சுட்ட ஓட்டை ஒன்று
மயிலின் கண்ணுக்குப் பக்கத்தில்.

ஆறு நாளும் தன்சுக் பார்ப்பது
கடுகைவிடச் சின்னக் கல்.
லென்ஸை இமையில் இடுக்கி
முகம் முகமாய்ச் சாணை பிடிப்பான்.
கல்லுக்கு இவ்வளவு என்று கூலி.
ஏழாம் நாள்
தூரமாய் எதையாவது பார்த்தே ஆகவேண்டும்.
"கடலில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை,
அதுதான் சௌகரியம்" என்பான்.

வராச்சாவிலிருந்து டுமாஸ் கடற்கரைக்கு
ஊரைக் குறுக்கே கிழித்துப் போகவேண்டும்.
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம்,
பள்ளத்தைச் சுற்றி நீலத் தகரம்,
தகரத்தைச் சுற்றி நாங்கள் எல்லோரும்.
போன வாரம் வலப்பக்கம் இறக்கிவிட்ட பாலம்
இந்த வாரம் இடப்பக்கம் போகச் சொன்னது.
ஆறே முக்காலுக்கும்
பிப்லோத் சிக்னலில்தான் நின்றோம்.

"கடலுக்கும் ஞாயிறு லீவா மம்மி?"

பக்கத்து ஸ்கூட்டர்காரர் சிரித்துவிட்டார்.
தன்சுக் சிரிக்கவில்லை.
வண்டியை ஓரங்கட்டி
ஹெல்மெட்டைக் கழற்றினான். "இங்கேயே."

இங்கே என்றால் சாலையின் நடுத்திட்டு.
கத்தரித்த புல், முழங்காலுக்குச் செடி,
எங்களுக்கு முன்பே முப்பது குடும்பம்.
யாரோ கேக் வெட்டினார்கள்.
ஒரு கிழவர் ரேடியோவைக் காதில் வைத்தபடி தூங்கினார்.
இரு பக்கமும் விளக்குகள் ஊர்ந்தன.
"அலை மாதிரி இல்லே?" என்றேன்.
"பிரேக் லைட் மாதிரி இருக்கு" என்றான்.

கிளம்பிப் பாதி வழி வந்த பிறகுதான்
கக்கம் காலி என்று உறைத்தது.
"நூற்றெண்பது ரூபாய்ப் பாய்."
"பெட்ரோலுக்கே அது போயிடும்."
"போகட்டும். திருப்பு."

மயில் மேல் ஐந்து பேர் இருந்தார்கள்.
பொரி, வெங்காயம், பச்சை மிளகாய்,
மூக்கில் ஏறும் கடுகெண்ணெய்.
ஒருவர் ஒடியாவில் உரக்கப் பேசினார்,
தறி ஓடும் அறையில் பேசுகிறவர் போல.
நான் வாய் திறக்குமுன்
அவர் மனைவி நகர்ந்து இடம் விட்டாள்.
"வாங்க, உட்காருங்க, இடம் இருக்கு."
இந்தியில்தான்,
எங்கள் இந்தியைப் போலவே தப்பும் தவறுமாய்.

என் பாயில் விருந்தாளியாய் உட்கார்ந்தேன்.

சுதாம் பிசோயி, பினோதினி.
கஞ்சம் பக்கம்; ஊரில் கடல் நடக்கிற தூரமாம்.
"இங்கே ஒன்பது வருஷம்,
இந்த ஊர்க் கடலை இன்னும் பார்க்கலை."
"பார்க்க என்ன இருக்கு,
மணல் கறுப்பு, தண்ணி எங்கேயோ தூரத்துல"
என்றான் தன்சுக்,
வீட்டுக்காரன் தன் வீட்டைக் குறைத்துச் சொல்வதுபோல.

அவர்கள் கைக்குழந்தை
ஓட்டைக்குள் விரலை விட்டு
அடியிலிருந்த புல்லைப் பிடுங்கியது.
ஹேத்வி பார்த்துவிட்டாள்.
"மம்மி, இது நம்ம..."
அவள் வாயில் ஒரு முழுத் தேப்லாவைத் திணித்தேன்.
மிச்சத்தைப் பினோதினி வாங்கிக்கொண்டாள்.
பொரிக்கு அது பொருந்தவேயில்லை.
எல்லோரும் சாப்பிட்டோம்.

பத்து மணிக்கு அவர்கள் எழுந்தார்கள்.
பினோதினி பாயை உதறினாள், மடித்தாள்,
செடியோரம் வைத்து ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள்.
"யாரோ விட்டுட்டுப் போனது.
தேடி வருவாங்க, பாவம்."

அவர்களுடைய ஆட்டோ திரும்பி மறையும் வரை
பாயைப் பார்க்காமல் நின்றோம்.
பிறகு தன்சுக்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு,
கல்லை மெதுவாக நகர்த்தி,
திருடனைப் போல அதை எடுத்து
சட்டைக்குள் பாதியை மறைத்துக்கொண்டு
ஓடினான்.